ஸ்மார்ட் ஹோமை வெளியூரிலிருந்து இயக்கணுமா? ரவுட்டரில் 'போர்ட்' திறக்கும் முன் இதைப் படிங்க!

கோவையில் வீடு, பெங்களூருவில் வேலை. உறவினர் கல்யாணத்துக்காக ஈரோடு போன அம்மா அங்கிருந்து போன் செய்கிறார்: "கிளம்புற அவசரத்துல மோட்டாரை ஆஃப் பண்ணினேனான்னு ஞாபகமே இல்லப்பா." நீங்கள் ஸ்மார்ட் ஹோம் ஆப்பைத் திறக்கிறீர்கள். வீட்டு வைஃபையில் இருந்தபோது சட்டென்று திறந்த ஆப், இப்போது சுற்றிக்கொண்டே நிற்கிறது. கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்கிறது.

சொந்தமாக ஸ்மார்ட் ஹோம் சர்வர் அமைத்தவர்கள் எல்லோரும் ஒருநாள் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இது. உடனே யூடியூபில் தேடுவோம். "ரவுட்டர் செட்டிங்ஸ் போய் 8123 போர்ட்டைத் திறந்து விடுங்க, முடிஞ்சுது" என்று ஐந்து நிமிட வீடியோ ஒன்று கிடைக்கும். செய்தால் வேலையும் செய்யும். அதுதான் சிக்கலே. உங்களுக்குத் திறக்கும் அந்தக் கதவு, உலகத்தில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்தே திறக்கிறது.

அந்தக் கதவைத் திறக்காமலேயே வெளியிலிருந்து வீட்டை இயக்க முடியும். பெரும்பாலும் காசு செலவில்லாமலே முடியும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில், 'சொந்த சர்வர்' என்றால் என்ன?

கடையில் வாங்கும் பெரும்பாலான ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமராக்கள் அந்தந்த நிறுவனத்தின் கிளவுட் சர்வரை நம்பி இயங்குபவை. ஹாலில் உட்கார்ந்து ஹால் லைட்டை அணைத்தாலும், அந்தக் கட்டளை எங்கோ இருக்கும் டேட்டா சென்டருக்குப் போய்த் திரும்பி வருவது உண்டு. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுட் முடங்கியபோது, அலெக்ஸாவும் ரிங் கேமராக்களும் பலருக்கு வேலை செய்யாமல் போனது இதனால்தான். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வைஸ் கேமரா நிறுவனத்தில் நடந்தது இன்னும் மோசம். சேவை முடங்கித் திரும்ப வந்த நேரத்தில், சுமார் 13,000 வாடிக்கையாளர்களின் ஆப்பில் யார் யாரோ வீட்டுக் கேமராப் படங்கள் வந்து நின்றன.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நினைப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன கம்ப்யூட்டரை மூளையாக வைத்துக்கொள்கிறார்கள். ராஸ்பெர்ரி பை போர்டு போதும். அலமாரியில் தூங்கும் பழைய லேப்டாப்பும் போதும். அதில் இயங்கும் இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களில் அதிகம் பேசப்படுவது 'ஹோம் அசிஸ்டென்ட்'. 2013-ல் பவுலஸ் ஷூட்சன் என்பவர் தொடங்கியது. 2024 முதல் 'ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன்' என்ற லாப நோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

வீட்டில் வேலை செய்வது வெளியே ஏன் செய்வதில்லை?

அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 'பி-4' என்று சொன்னால் அந்த அபார்ட்மென்ட்டுக்குள் இருப்பவருக்குப் புரியும். ஊரில் வேறு எங்கோ நின்று 'பி-4 எங்கே?' என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? 192.168 என்று தொடங்கும் உங்கள் சர்வரின் முகவரி அப்படிப்பட்ட ஃபிளாட் நம்பர்தான். வெளியுலகத்துக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி மட்டும். ரவுட்டர் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி; உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் எதையும் உள்ளே விடமாட்டார்.

'போர்ட் ஃபார்வர்டிங்' என்பது அந்த வாட்ச்மேனிடம், "8123 என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் மேலே அனுப்பிடுங்க" என்று சொல்வது. வருவது நீங்களா, வேறு யாருமா என்று அவர் பார்க்கமாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

"என் வீட்டை எவன் தேடி வரப்போறான்?"

எல்லோரும் கேட்கும் கேள்வி. யாரும் உங்களைத் தேடி வருவதில்லை என்பது உண்மைதான். எல்லா வீட்டுக் கதவையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் பார்த்துவிட முடியும் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-லேயே 'இசட்மேப்' என்ற கருவி மூலம் காட்டிவிட்டார்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் கேமரா, சர்வர், ரவுட்டர்களைப் பட்டியல் போட்டுத் தரும் 'ஷோடான்' என்ற தேடுபொறி 2009 முதல் இருக்கிறது. கூகுளில் பிரியாணிக் கடை தேடுவது போல அங்கே ஸ்மார்ட் ஹோம் லாகின் பக்கங்களைத் தேடலாம்.

கதவைத் தட்டிப் பார்ப்பதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டே மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது 60-க்கும் மேற்பட்ட சாதாரண யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகள் கொண்ட பட்டியல், அவ்வளவுதான். அப்படிச் சேர்த்த சாதனப் படையைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று 'டின்' என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களில் பலருக்குத் தங்கள் வீட்டுக் கேமராவும் அந்தப் படையில் இருந்தது இன்றுவரை தெரிந்திருக்காது.

"என் பாஸ்வேர்டு செம ஸ்ட்ராங்!"

நல்லதுதான். ஆனால் பாஸ்வேர்டே கேட்கப்படாத வழி ஒன்று இருந்தால்?

கற்பனை இல்லை, நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில் ஹோம் அசிஸ்டென்ட் குழுவே ஒரு ஓட்டையைப் பகிரங்கமாக அறிவித்தது. அதன் பதிவு எண் சிவிஇ-2023-27482. அபாய அளவில் பத்துக்குப் பத்து. ஹோம் அசிஸ்டென்ட்டின் 'சூப்பர்வைசர்' என்ற பகுதியை லாகின் செய்யாமலேயே வெளியிலிருந்து தொட முடியும் என்பதுதான் பிரச்னை. ஆட்-ஆன்களை நிறுவுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. அதாவது வீட்டுச் சாவிக்கொத்தே அங்கேதான் இருக்கிறது. 2017-ல் சூப்பர்வைசர் வந்த காலம் முதலே அந்த ஓட்டை இருந்திருக்கிறது. ஆறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை.

குழுவினர் வேகமாகச் சரிசெய்தார்கள். அப்டேட்டும் தானாகவே போய்ச் சேரும்படி அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறைக்காமல் சொன்னதே பெரிய விஷயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 8123 போர்ட்டைத் திறந்து வைத்திருந்தவருக்கு, 20 எழுத்து பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் அந்த ஆறு ஆண்டுகளில் அது ஒரு பாதுகாப்பே இல்லை. போர்ட்டைத் திறக்காதவர் வீட்டிலும் அதே ஓட்டைதான் இருந்தது. ஆனால் அதைத் தொட ஒருவர் முதலில் அவர் வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்திருக்க வேண்டும்.

இதற்கு முன் 2021 ஜனவரியிலும் வெளியாட்கள் எழுதிய சில கூடுதல் இணைப்புகளில் இதே போல லாகின் இல்லாமல் கோப்புகளைப் படிக்கக்கூடிய ஓட்டைகள் வெளிவந்தன. எந்த மென்பொருளிலும் அடுத்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று இன்று யாருக்கும் தெரியாது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி "என் பூட்டு வலுவானதா?" என்பது இல்லை. "என் கதவு தெருவில் தெரிகிறதா?" என்பதுதான்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "என் முகவரி யாருக்கும் தெரியாதே." டக்டிஎன்எஸ் போன்ற இலவச சேவையில் வித்தியாசமான ஒரு பெயர் வாங்கி, லெட்ஸ் என்கிரிப்ட் மூலம் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் போட்டுக்கொள்கிறார்கள். எச்டிடிபிஎஸ் கட்டாயம் வேண்டியதுதான். அது இல்லாமல் போர்ட் திறந்தால் உங்கள் பாஸ்வேர்டு நடுவழியில் அப்படியே படிக்கும்படி போகும். ஆனால் அப்படி வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேடு ஒன்றில் ஏறுகிறது. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் நல்ல ஏற்பாடு அது. பக்கவிளைவு என்னவென்றால், நீங்கள் ரகசியம் என்று நினைத்த பெயர் சான்றிதழ் வாங்கிய கொஞ்ச நேரத்திலேயே யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பட்டியலில் வந்துவிடும்.

போர்ட் திறந்தும் வேலை செய்யலையா? காரணம் இதுவாக இருக்கலாம்

இந்தியாவில் பலருக்குப் போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் பலன் இருக்காது. ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாடு என்பதால், இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. 'சிஜிநாட்' என்பார்கள். உங்கள் ரவுட்டருக்கு மேலே நிறுவனத்தின் பெரிய வாட்ச்மேன் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உங்கள் வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தது அவருக்குத் தெரியாது.

கண்டுபிடிப்பது சுலபம். ரவுட்டர் பக்கத்தில் 'வான் ஐபி' என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் 'என் ஐபி முகவரி' என்று தேடிக் கிடைக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் சிஜிநாட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். அந்த வரிசை இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. நிலையான பொது ஐபி வேண்டுமென்றால் சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்தில் தருகின்றன. நம் வேலைக்கு அது தேவையே இல்லை.

சரி, என்னதான் செய்வது?

கதவைத் தெருப்பக்கம் வைக்காமல், உங்கள் போனுக்கும் வீட்டுக்கும் நடுவே மட்டும் ஒரு சுரங்கப்பாதை போட வேண்டும். அதுதான் விபிஎன். விபிஎன் என்றதும் வெளிநாட்டுப் படம் பார்க்கப் போடும் ஆப் ஞாபகத்துக்கு வரலாம். இது அதுவல்ல. இந்தச் சுரங்கத்தின் மறுமுனை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

இன்று இதற்கு அடிப்படையாக இருப்பது 'வயர்கார்ட்'. ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கியது. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய விபிஎன் மென்பொருள்கள் லட்சக்கணக்கான வரிகளில் எழுதப்பட்டவை. வயர்கார்டின் மையப்பகுதியோ சுமார் 4,000 வரிகள்தான். ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் படித்துச் சோதிக்கலாம். இதன் இன்னொரு குணம்தான் நமக்கு முக்கியம்: சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் பதிலே சொல்லாது. 'தவறான பாஸ்வேர்டு' என்றுகூடச் சொல்லாது. தட்டுகிறவருக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது.

பொது ஐபி இருப்பவர்கள் வயர்கார்டை நேரடியாகவே போட்டுக்கொள்ளலாம். சில புதிய ரவுட்டர்களிலேயே வயர்கார்ட் இருக்கிறது. ரவுட்டரில் ஒரு யுடிபி போர்ட்டை மட்டும், வழக்கமாக 51820, அதற்காகத் திறக்க வேண்டியிருக்கும். திறந்த போர்ட்தானே என்று கேட்கலாம். பதிலே சொல்லாத கதவு என்பதால் இதையும் 8123-ஐயும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சிஜிநாட்டில் இருப்பவர்களுக்கும், 'கீ', 'கான்ஃபிக்' என்று மண்டையை உடைத்துக்கொள்ள விரும்பாதவர்களுக்கும் 'டெயில்ஸ்கேல்' சுலபம். உள்ளே ஓடுவது வயர்கார்ட்தான். சாவிகளைப் பரிமாறுவது, இரண்டு பக்கமும் வாட்ச்மேன் நின்றாலும் வழி கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு இலவசத் திட்டம் இருக்கிறது.

செய்முறை இவ்வளவுதான். ஹோம் அசிஸ்டென்ட்டின் ஆட்-ஆன் பகுதியில் டெயில்ஸ்கேலை நிறுவி, உங்கள் கணக்கில் லாகின் செய்யுங்கள். போனிலும் டெயில்ஸ்கேல் ஆப் போட்டு அதே கணக்கில் நுழையுங்கள். இரண்டு சாதனங்களுக்கும் 100 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். பிறகு ஹோம் அசிஸ்டென்ட் ஆப்பின் செட்டிங்ஸில் வெளி முகவரி என்ற இடத்தில், சர்வருக்குக் கிடைத்த அந்த 100 முகவரியையும் கூடவே 8123-ஐயும் கொடுங்கள். வீட்டுக்குள் இருக்கும்போது பயன்படுத்தப் பழைய 192.168 முகவரி அப்படியே இருக்கட்டும். வெறும் எச்டிடிபி என்று ஆப் எச்சரித்தால் பயப்பட வேண்டாம். சுரங்கத்துக்குள் போகும் எல்லாமே ஏற்கெனவே என்கிரிப்ட் செய்யப்பட்டுத்தான் போகிறது. (சிஜிநாட்டும் டெயில்ஸ்கேலும் ஒரே 100 வரிசையைப் பயன்படுத்துகின்றன. ரவுட்டரில் பார்த்த எண்ணும் ஆப்பில் பார்க்கும் எண்ணும் ஒன்று என்று குழம்பிவிடாதீர்கள்.)

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு சாதனத்தின் சாவியும் சாதாரணமாக 180 நாளில் காலாவதியாகும். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து, நீங்கள் சரியாக வெளியூரில் இருக்கும்போது, வீட்டு சர்வர் சுரங்கத்திலிருந்து விழுந்துவிடும். திரும்ப லாகின் செய்ய யாராவது வீட்டில் இருக்க வேண்டும். அதனால் டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், வீட்டு சர்வருக்கு மட்டும் 'டிசேபிள் கீ எக்ஸ்பைரி' கொடுத்துவிடுங்கள். போனுக்குக் கொடுக்க வேண்டாம். தொலைந்து போகக்கூடிய பொருள் அது.

அடுத்தது அந்தக் கணக்கு. டெயில்ஸ்கேலுக்குத் தனி பாஸ்வேர்டு கிடையாது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் போன்ற கணக்கு ஒன்றைக் கொண்டுதான் நுழைகிறோம். அப்படியானால் உங்கள் ஜிமெயில்தான் இனி வீட்டுச் சாவி. அதில் இரண்டு கட்டப் பாதுகாப்பு இல்லையென்றால், இதுவரை படித்தது எல்லாம் வீண். முதலில் அதைப் போடுங்கள்.

டெயில்ஸ்கேலிலேயே 'ஃபனல்' என்று ஒரு வசதி உண்டு. அது உங்கள் சர்வரைப் பொது இணையத்துக்குத் திறந்துவிடும். எதைத் தவிர்க்க இவ்வளவு தூரம் வந்தோமோ அதையே மறுபடி செய்வது. அதை ஆன் செய்ய வேண்டாம். 'சப்நெட் ரவுட்டர்' வசதி வீட்டு நெட்வொர்க் முழுவதையும் சுரங்கத்துக்குள் கொண்டுவரும். கேமரா ரெக்கார்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் தவிர அதுவும் தேவையில்லை.

சின்னச் சின்ன அசௌகரியங்களும் இருக்கின்றன. போனில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். ஆபீஸ் விபிஎன் ஆனில் இருந்தால் வீட்டு விபிஎன் ஆஃப். நேரடி வழி கிடைக்காத நெட்வொர்க்கில் இணைப்பு டெயில்ஸ்கேலின் இடைநிலை சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். லைட், மோட்டாருக்குத் தெரியாது, கேமரா வீடியோ இழுக்கும். அந்த சர்வரால் உள்ளே போவதைப் படிக்க முடியாது. நல்ல விஷயம் ஒன்று: கதவு திறந்தது, தண்ணீர் கசிகிறது போன்ற எச்சரிக்கைச் செய்திகள் கூகுள், ஆப்பிளின் நோட்டிஃபிகேஷன் வழியாக வருவதால் சுரங்கம் ஆஃபில் இருந்தாலும் வந்துவிடும். கூடவே வர வேண்டிய கேமராப் படம் மட்டும் சுரங்கம் ஆன் ஆகும்வரை தெரியாமல் போகலாம்.

விபிஎன் சட்டவிரோதமா?

இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டுக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் சுரங்கம் சேவை விற்பனை ஆகாது. வளைகுடாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பயன்படுத்துவது கடும் தண்டனைக்குரியது. வீட்டு மோட்டாரைப் பார்ப்பது குற்றமில்லைதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை என்றால், விபிஎன் இல்லாத அடுத்த வழி உங்களுக்கு.

விபிஎன் ஒத்துவராதவர்களுக்கு

வீட்டில் பெரியவர்கள், "இந்த ஆப்பை ஆன் பண்ணிட்டு அந்த ஆப்பைத் திறக்கணும்" என்றாலே போனைக் கீழே வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஹோம் அசிஸ்டென்ட் கிளவுட் சந்தா பொருத்தம். ஹோம் அசிஸ்டென்ட்டை உருவாக்கியவர்கள் 2018-ல் தொடங்கிய 'நபு காசா' நிறுவனம் நடத்துவது. மாதம் 6.50 டாலர். ஒரு பட்டனை ஆன் செய்தால் போதும். உங்கள் சர்வரே உள்ளிருந்து வெளியே போய் இணைப்பு போட்டுக்கொள்வதால் சிஜிநாட் பிரச்னை இல்லை. எச்டிடிபிஎஸ் சான்றிதழின் சாவி உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. அதனால் நடுவில் இருக்கும் நபு காசா சர்வர் மூடிய கவரை வாங்கிக் கொடுக்கும் தபால்காரர் மட்டும்தான். ஆனால் இங்கே லாகின் பக்கம் இணையத்தில் இருக்கிறது. முகவரி நீளமான, ஊகிக்க முடியாத எழுத்துக்கோவை என்றாலும், பாஸ்வேர்டும் இரண்டு கட்டப் பாதுகாப்பும் இங்கே விருப்பம் அல்ல, கட்டாயம்.

கிளவுட்ஃபிளேர் டனல் என்ற இலவச வழியும் பிரபலம். அதற்குச் சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வேண்டும். போர்ட் திறக்க வேண்டியதில்லை என்பது நிஜம். ஆனால் என்கிரிப்ஷன் கிளவுட்ஃபிளேர் சர்வரில் அவிழ்க்கப்பட்டு மறுபடி கட்டப்படுகிறது. அதாவது கவர் நடுவில் ஒருமுறை பிரிக்கப்படுகிறது. முன்னால் கூடுதல் சரிபார்ப்பு வைக்கவில்லை என்றால் உங்கள் லாகின் பக்கமும் ஊருக்கே தெரியும். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் முடங்கியபோது உலகம் முழுக்கத் தளங்கள் விழுந்ததும் ஞாபகம் இருக்கட்டும். விவரம் தெரிந்து செய்பவர்களுக்குச் சரி. புதிதாகத் தொடங்குபவருக்கு நாம் இதைச் சொல்லமாட்டோம்.

எந்த வழியாக இருந்தாலும் வீட்டுக்குள் இதைச் செய்யுங்க

ஹோம் அசிஸ்டென்ட்டில் உங்கள் பெயரைத் தொட்டால் வரும் பக்கத்தில் இரண்டு கட்டப் பாதுகாப்பை ஆன் செய்யலாம். ஆத்தென்டிகேட்டர் ஆப் ஒன்று போதும். தவறான பாஸ்வேர்டைப் பலமுறை போடுபவரின் ஐபியைத் தடுக்கும் வசதியும் உண்டு. அது தானாக ஓடாது, எத்தனை முறை என்று நீங்கள் எண்ணைக் குறித்தால்தான் வேலை செய்யும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். அட்மின் உரிமை உங்களுக்கு மட்டும் போதும். அட்மின் இல்லாத கணக்கால் செட்டிங்ஸை மாற்ற முடியாது, ஆனால் சாதனங்களை இயக்க முடியும். அதனால் வேலைக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் கணக்கு கொடுத்துவிடாதீர்கள்.

ரவுட்டரில் 'யுபிஎன்பி' என்று ஒன்று இருக்கும். வீட்டில் உள்ள சாதனங்கள் உங்களைக் கேட்காமலே தங்களுக்குப் போர்ட் திறந்துகொள்ள அனுமதிக்கும் வசதி அது. நீங்கள் 8123-ஐப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்க, மலிவு விலைக் கேமரா ஒன்று தனக்கென்று வேறொரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும். அணைத்துவிடுங்கள். சில விளையாட்டுகளுக்கு அது தேவைப்படலாம். பிள்ளைகள் கத்தினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

போன் தொலைந்தால் இரண்டு இடத்தில் வேலை இருக்கிறது. டெயில்ஸ்கேல் பக்கத்தில் அந்தப் போனை நீக்குங்கள். ஹோம் அசிஸ்டென்ட்டில் உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், லாகின் ஆகியிருக்கும் சாதனங்களின் பட்டியலிலிருந்து அதை அழியுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் பழைய லாகின் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள்.

வாசல் கேட்டையும் பூட்டையும் வெளியூரிலிருந்து திறக்கும் வசதி வேண்டுமா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது வேறு, திறப்பது வேறு. பார்க்கும் வசதியே நிறையப் பேருக்குப் போதும். கீசர் போன்ற சூடாகும் சாதனங்களுக்கும் இதுவே: வெளியிலிருந்து அணைக்க முடியட்டும், போட வேண்டாம்.

கரண்ட் போனால்?

அம்மாவின் மோட்டாருக்கு வருவோம். தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிற்க வேண்டியது பெங்களூருவில் இருக்கும் உங்கள் விரலால் அல்ல. தொட்டியில் வாட்டர் லெவல் சென்சார், வீட்டு சர்வரில் ஓர் ஆட்டோமேஷன், கூடவே 'எப்படியிருந்தாலும் 30 நிமிடத்தில் ஆஃப்' என்று இன்னொன்று. இவை இணையமே இல்லாவிட்டாலும் ஓடும். வெளியிலிருந்து பார்ப்பது ஒரு மனநிம்மதிக்குத்தான். அதை நம்பி மோட்டாரை விட்டுவைக்கக் கூடாது.

மின்வெட்டு இன்னொரு தலைவலி. இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அந்த லைனில் இல்லாத வீடுகள் நிறைய. சர்வர் உயிரோடு இருக்கும், வெளியே போகும் வழி செத்திருக்கும். ரவுட்டர், ஃபைபர் பெட்டி, சர்வர் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுவிடுங்கள். ராஸ்பெர்ரி பையில் மெமரி கார்டு வைத்து ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுப் போகலாம். முடிந்தால் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். பேக்கப்பை அந்தப் பெட்டியிலேயே வைக்காமல் வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். சுரங்கம் ஆனில் ஆப் திறக்கிறதா பாருங்கள். பிறகு சுரங்கத்தை ஆஃப் செய்து, பிரவுசரில் வீட்டின் பொது ஐபி முகவரியோடு 8123 சேர்த்துப் போட்டுப் பாருங்கள். லாகின் பக்கம் வந்தால், எப்போதோ வீடியோ பார்த்துத் திறந்த பழைய போர்ட் இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். ரவுட்டருக்குப் போய் அந்த வரியை அழித்துவிட்டு, இன்னொரு முறை தட்டிப் பாருங்கள்.